இப்படி வேண்டுவது பாவமா?

ஆயுள் வேண்டித் திருக்கடையூருக்குப் போகிறோம். மார்க்கண்டேயனுக்காக எமனையே காலால் உதைத்த ஈசன் அல்லவா! அந்தச் சந்நிதியில், புற்றுநோய் முற்றி வீட்டில் படுத்திருக்கும் கணவரின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது, 'இவரைச் சீக்கிரம் அழைச்சுக்கோயேன்' என்று உங்கள் மனசு முணுமுணுத்தால்?

பதறிப் போவீர்கள். பிராகாரத்தைக் கூடுதலாக ஒன்பது முறை சுற்றுவீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்.

எனக்கு அது பாவமாகத் தோன்றவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, விரிப்பு மாற்றி, முனகலைக் கேட்டுக் கேட்டு வருகிற வார்த்தை அது. 'அவர் வலி தீரட்டும்' என்பதும் 'என்னால் முடியவில்லை' என்பதும் அதில் கலந்தே கிடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியுமா, என்ன?

நோயாளியோடு வீட்டாரையும் சேர்த்துக் கவனிப்பதுதான் 'பாலியேட்டிவ் கேர்' எனும் நோய்த் தணிப்பு சிகிச்சை. 1993-ல் கோழிக்கோட்டில் இதற்கென ஓர் அமைப்பு தொடங்கியது. பின்னாளில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகி, வீடு தேடிப் போனார்கள். மருந்து மட்டுமல்ல... உட்கார்ந்து காது கொடுப்பதும் அவர்கள் வேலை.

அப்படி ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். நாத்தனார் வந்து, ''ஏதாவது உதவணுமா அண்ணி?'' என்றால், ''ஒண்ணும் வேண்டாம்'' என்காதீர்கள். ''இன்னிக்கு ராத்திரி அண்ணன்கிட்ட நீ இரு. நான் தூங்கணும்'' என்று கேளுங்கள்.