அறியாத பாவமும் மனந்திரும்புதலும்

தான் அறியாமல் செய்த தீங்குக்கு மனிதன் பொறுப்பாவானா என்பது சமய அறவியலின் பழைய கேள்வி. நிறவெறி எதிர்ப்புப் பயிற்சி என்ற பெயரில் இன்று நிறுவனங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் வகுப்புகள், பொறுப்பாவான் என்ற விடையை ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்குகின்றன. ஒருவருக்கே தெரியாமல் அவர் மனத்தின் அடியில் படிந்திருக்கும் சாய்வு 'உள்ளுறைச் சார்பு' எனப்படுகிறது. அதைச் சுட்டிக்காட்டிவிட்டால் நடத்தை தானே திருந்தும் என்பது இப்பயிற்சிகள் பலவற்றின் நம்பிக்கை.

இங்கிலாந்துத் திருச்சபையின் அனுபவம் இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஏற்ற கல். 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரித் துறைமுகத்தை அடைந்ததைத் தொடர்ந்து கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறியவர்களுள் பலர் அச்சபையின் ஆங்கிலிக்கன் மரபிலேயே ஞானஸ்நானம் பெற்று, அதே ஜெபநூலைச் சொல்லி வளர்ந்தவர்கள். ஆராதனை முடிந்து வெளியேறும்போது வாசலில் நின்ற குருவே, மற்றவர்கள் சங்கடப்படுகிறார்கள், இனி இங்கே வர வேண்டாம் என்று பணிவாகச் சொல்லி அனுப்பியதை அவர்களுள் சிலர் முதுமை வரை மறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் திருச்சபையின் பொதுமன்றம் இதற்காக மன்னிப்புக் கேட்டது; அப்போதைய பேராயர் ஜஸ்டின் வெல்பி, சபையில் நிறுவன நிறவெறி இன்னும் ஆழமாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு வெளியான, திருச்சபையின் நிறவெறி எதிர்ப்புப் பணிக்குழு அறிக்கையின் 47 பரிந்துரைகளில் பயிற்சி இருந்தது என்றாலும், நியமனங்களும் ஆட்சியமைப்பும் அதே அளவுக்கு அவற்றில் இடம்பெற்றன.

நிறுவன நிறவெறி என்பது தனிமனிதரின் வெறுப்பு அன்று. லண்டனில் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலை விசாரணையில் காவல்துறை தவறியதை ஆராய்ந்த 1999ஆம் ஆண்டின் மக்பர்சன் அறிக்கை, அறியாத முன்முடிவும் சிந்தனையின்மையும் நடைமுறையிலேயே ஊறி, ஓர் அமைப்பே கூட்டாகத் தவறுவதை அச்சொல்லால் குறித்தது. வாசலில் நின்ற குரு யாரையும் வெறுக்காதவராகவே இருந்திருக்கலாம். ஆயினும் திருப்பியனுப்பப்பட்டவர் இழந்த வழிபாடு இழந்ததுதான்.

மனந்திரும்புதலைக் குறிக்கும் 'மெட்டனோயா' என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் மனமாற்றம். ஆனால் லூக்கா நற்செய்தியில் வரித்தலைவனான சகேயு, தன் மனநிலையை விளக்கிக்கொண்டிராமல், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். பயிற்சி வகுப்பு பெரும்பாலும் தவறவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். குற்றவுணர்ச்சியை எழுப்பிவிட்டு, நாற்காலிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிடும் வகுப்பால் கலங்குகிறவர்கள் உண்டு, பயன்பெறுகிறவர்கள் இல்லை.

இதே ஆங்கிலிக்கன் மரபு தமிழகத்தில் முன்பே இச்சிக்கலை எதிர்கொண்டது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தும், திருவிருந்துக் கிண்ணத்தை முன்னும் பின்னுமாகப் பெற்றும் வந்த சபைகளுக்கு, கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுமடல் அனுப்பி, வேறுபாட்டை உடனே முற்றிலும் கைவிடக் கட்டளையிட்டார். பலர் சபையை விட்டே வெளியேறினர். பின்னர் மிஷன்கள் சில, சேர்ந்து உண்பதையே சோதனையாக வைத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உண்டவனின் உள்ளம் மாறியதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதுவரை காத்திருந்து கடைசியில் கிண்ணத்தைப் பெற்றவன் வரிசையில் தன் முறை வந்தபோது பருகினான், அவனுக்கு அந்தக் கேள்வி அவசரமானதாக இருந்திருக்காது.