மெசின் யாருக்குச் சொந்தம்?

'நிலாவுக்கு ராக்கெட் விடத் தெரிஞ்சவனுக்கு மலக்குழிக்கு ஒரு மெசின் செய்யத் தெரியாதா?' நம் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைக்கு அது பாதிக் கேள்வி. மெசின் வந்துவிட்டது. கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த 'பாண்டிகூட்' ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் மேன்ஹோலுக்குள் இறங்கியது. மாநில அரசின் தொழில்முனைவு அமைப்பும் குடிநீர் வாரியமும் கைகொடுத்தன. அரசு நினைத்தால் நடக்கும்.

பிறகும் ஏன் சாவு நிற்கவில்லை?

தேவையிலிருந்து கண்டுபிடிப்பு பிறக்கிறது என்கிறார்கள். யாருடைய தேவை? சாதி ஒரு மனிதனை மெசினைவிட மலிவாக வைத்திருக்கும்வரை கான்ட்ராக்டருக்கு மெசின் எதுக்கு? ஒரு கயிறு, ஒரு வாளி, ஒரு ஆள் போதும். இந்த நாட்டில் மூளைக்குப் பஞ்சமில்லை. நம்மாளு உயிர் மலிவாகக் கிடைப்பதால் மூளைக்கு வேலையில்லாமல் போனது.

சட்டமும் இதற்கு இடம் விட்டது. 1993 சட்டம் உலர் கழிப்பிடத்தோடு நின்றுகொண்டது. 2013 சட்டம் சாக்கடைக்கும் மலக்குழிக்கும் வந்தது. ஆனால் கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்து இறக்கினால் அவர் மலமள்ளுபவர் அல்ல என்றும் அதே சட்டம் சொல்கிறது. பூட்சு மாட்டினால் கணக்கிலிருந்தே ஆள் காணாமல் போகிறான். சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் என்ற உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. குடும்பத்துக்கு அது சேர வேண்டும். ஆனால் பாதுகாப்பில்லாமல் இறக்கியவனுக்கு முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை என்கிறதே சட்டம், எத்தனை பேர் உள்ளே போனார்கள்?

இன்னொன்றையும் பேச வேண்டும். மானியத்தில் மெசின் வாங்கிக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்தால், நேற்றுவரை இறங்கியவன் என்ன செய்வான்? உயிர் தப்பும், சோறு போகும். 2019இல் தில்லி அரசு 200 சாக்கடை மெசின்களை இறக்கியபோது, அந்த வேலை செய்த குடும்பங்களையே உரிமையாளர்களாக்கும் திட்டமாக அதை அறிவித்தது. குறை இருக்கலாம், திசை சரி.

ஆகவே கண்டுபிடிப்புக்கு நிதி ஒதுக்கினோம் என்று அரசு சொன்னால் நாம் கைதட்டிவிட்டு வந்துவிடக் கூடாது. ஆளை இறக்குகிறவனுக்குச் சிறை உண்டா, மெசினின் ஆர்.சி. புக்கில் யார் பேரு இருக்கு என்று இரண்டையும் கேட்க வேண்டும்.