செங்கல்லில் பதிந்த விரல்

அழகான ஒரு வீட்டை அழகு என்று சொல்வது துரோகமா? ஒரு வருஷமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் நண்பர் ஒருவர் கூப்பிட்டு அமெரிக்கத் தெற்கிலுள்ள சார்ல்ஸ்டனில் நாலு நாள் தங்கினேன். பழைய கட்டிடங்களுக்குப் பேர்போன ஊர். குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, நீளவாட்டில் உள்ளே ஓடும் வீடுகள். பக்கவாட்டில் தாழ்வாரம். இரும்புப் பூவேலைக் கதவுகள். பழைய நகரப் பகுதியைச் சட்டம் போட்டுக் காப்பாற்றுவதில் அந்த நாட்டுக்கே முன்னோடி, 1931லேயே செய்துவிட்டார்கள்.

நண்பரின் கேமராவை வாங்கிக்கொண்டு விடிகாலையில் கிளம்பிவிடுவேன். அப்போதுதான் வெயில் சாய்ந்து விழும். சுவரின் மேடுபள்ளம் தெரியும். ஆளும் காரும் குறுக்கே வராது. கட்டிடத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு இது முதல் பாடம்: ஆள் விலகும்வரை பொறு.

மூன்றாம் நாள் ராத்திரி படங்களைப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் இருந்தது. எல்லாம் முன்வாசல். ஒரு கொல்லைப்புறம்கூட இல்லை. சுரீர் என்றது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த அப்பனுக்குப் பிள்ளை நான். என் கண்ணிலுமா முன்வாசல் மட்டும் பட்டது?

மறுநாள் ஐக்கன்-ரெட் வீட்டுக்குப் போனேன். 1820 வாக்கில் கட்டியது. பிற்பாடு தென் கரோலினாவின் ஆளுநராக இருந்த வில்லியம் ஐக்கனின் வீடு. முற்றத்தைத் தாண்டினால் சமையற்கட்டும் குதிரை லாயமும். அவற்றின் மாடியில் அடிமைகள் படுத்த அறைகள். இந்த முற்றத்தைத்தான் மூன்று நாளாக நான் தாண்டவில்லை.

வாண்டோ, கூப்பர் ஆற்றங்கரைச் சூளைகளில் அடிமைகள் அறுத்த செங்கல்தான் அந்த ஊரில் எத்தனையோ சுவர்கள். காயாத கல்லைத் தூக்கும்போது பதிந்த விரல்தடம் சிலதில் இன்னும் இருக்கிறது. ஒரு தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அது சின்னப்பிள்ளை விரல்.

இந்த வீடுகளெல்லாம் எரியட்டும் என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அடிமை உழைப்பில் எழுந்து, நம் காலத்தில் கல்யாணம் நடத்துகிற சொகுசு விடுதியாக ஓடிய லூயிசியானாவின் நாட்டோவே மாளிகை 2025 மே மாதம் எரிந்தபோது சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எரிந்தது எஜமானின் பெருமை மட்டும்தானா? கட்டியவனின் கைவேலையும் அதோடு போகவில்லையா?

எங்க தாத்தா கொத்தனாருக்குச் சித்தாளாக இருந்தவர். ஊரில் ஒரு பெரிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தார், கல் சுமந்தார். வேலை முடிந்து பால் காய்ச்சியபிறகு வாசப்படி ஏற விடவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "பாருடா பேராண்டி, இந்தச் செவுத்துல பாதி என் தோளுடா" என்பார். அந்த வீட்டை அவர் வெறுக்கவில்லை. அதில் பங்கு கேட்டார்.

சார்ல்ஸ்டனின் இரும்புக் கதவுகளை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவற்றில் பல, பிலிப் சிம்மன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர் அடித்தவை. 1912இல் பிறந்து 2009இல் இறந்தவர். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பீட்டர் சிம்மன்ஸ் அடிமையாகப் பிறந்தவர். 1982இல் நாட்டின் உயர்ந்த நாட்டார்கலை விருது பிலிப்புக்குக் கிடைத்தது. அவர் பேர் நமக்குத் தெரிகிறது. அவருக்கு முன்னால் அதே ஊரில் உலை ஊதிய எத்தனை பேரின் பேர் தெரியும்?

கொல்லையையும் ஒரு படம் எடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்ததா? தீராது. ஆளில்லாத அடிமைக் குடிலும் சாய்ந்த வெயிலில் அழகாகத்தான் இருக்கும். சுவரில் மாட்ட ஒரு பொருளாகிவிடும். அதனால் படத்துக்குக் கீழே கட்டியவர் யாரென்று எழுத வேண்டும். பேர் தெரியாவிட்டால், பேரைத் தொலைத்தவர்கள் யாரென்று எழுத வேண்டும்.

அழகை அழகென்று சொல்வது துரோகமில்லை தோழர்களே. அந்தப் பாராட்டைக் கொண்டுபோய் வீட்டுக்காரன் வாசலில் மட்டும் கொட்டுவதுதான் துரோகம். நூறு படத்திலும் எனக்கு இன்று தேவைப்படுவது ஒன்றுதான். கடைசி நாள் எடுத்தது. கொஞ்சம் கலங்கலாக விழுந்திருக்கிறது. செங்கல்லில் ஒரு சின்ன விரல்தடம், பக்கத்தில் என் விரல்.