தாய்மை தானாக வருமா?

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நம்மவர்கள் நாலைந்து பேர் அமர்ந்திருந்தோம். வியாபாரப் பேச்சு ஓய்ந்து வீட்டுப் பேச்சுக்கு வந்தது. பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆன தம் மருமகளைப் பற்றி ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். "பிள்ளை அழுதா எழுந்திருக்கிறா, பால் கொடுக்கிறா, எல்லாம் செய்யிறா. ஆனா முகத்துல ஒரு சிரிப்பு இல்லை. பெத்தவளுக்குப் பிள்ளை மேல பாசம் தானா வர வேணாமா?" என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். 2009ஆம் ஆண்டு நம் வீட்டில் நடந்தது நினைவுக்கு வராதிருந்தால் நாமும் ஆட்டியிருப்போம். பெரியவரிடம் அங்கே எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

நமக்குப் பெரிய படிப்பு இல்லை என்பது வாசகர்கள் அறிந்ததே. ஊரில் மதரஸாவில் ஓதியதும், ஐந்தாம் வகுப்பு வரை படித்ததும், பிறகு பினாங்கில் கல்லாவில் உட்கார்ந்து கற்றதும்தான். இதில் பிழையிருந்தால் ஆலிம் பெருமக்கள் பொறுத்துத் திருத்துவார்களாக. கேள்வி சிறியதுதான். பிள்ளையைப் பார்த்ததும் உள்ளத்தில் பாசம் பொங்காத தாய் குற்றம் செய்தவளா?

2009இல் நமக்கு மூத்த மகள் பிறந்தாள். அப்போது சூலியா தெருவில் கீழே கடை, மேலே குடியிருப்பு. ஊரில் மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டபடியால் மாமியாரால் பேறுகாலத்துக்கு வர இயலவில்லை. "நான் பார்த்துக்குவேன்" என்றாள் நம் வீட்டுக்காரி. அவள் சொன்னதும் பொய்யன்று. தன் அக்காளின் மூன்று பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும், மடியில் போட்டுத் தூங்க வைக்கவும் அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிள்ளை வரப்போகிறதென்று இலவம்பஞ்சு வாங்கித் தன் கையாலேயே சின்னத் தலையணை தைத்து வைத்திருந்தாள். ஆனால், அந்தப் பிள்ளைகள் அழுதால் அக்காளிடம் கொடுத்துவிடலாம். இந்தப் பிள்ளையை யாரிடம் கொடுப்பது? இந்த ஒரு வித்தியாசம் அவளுக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை.

பிள்ளையின் காதில் பாங்கு சொன்னோம். ஏழாம் நாள் பெயர் வைத்து அகீகா கொடுத்தோம். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்து நம் சந்தோஷத்தைக் கொண்டாடினோம். இவையெல்லாம் கீழே நடந்தவை. மேலே நடந்தது வேறு. பிறந்த பிள்ளைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரைமணி என்று வைத்தாலும் நாளொன்றுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் அதற்கே சரி. ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, காரணம் தெரியாத அழுகையைத் தோளில் போட்டு ஆற்றுவது யாவும் தனி. காசு காசாகக் கணக்குப் பார்க்கும் நாம் அன்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இருபதாம் நாளோ என்னவோ, கடையடைத்து மேலே போய்ப் படுத்த பிறகு அவள் இருட்டில் சொன்னாள்: "மச்சான், இந்தப் பிள்ளை யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "அல்லாஹ் கொடுத்த பாக்கியத்தை இப்படிப் பேசாதே. எத்தனை பேர் பிள்ளையில்லாம தவிக்கிறாங்க" என்று அதட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டோம். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு நின்றதால் விஷயம் தீர்ந்ததென்று நினைத்தோம். அந்த வாரம் அரசாங்க மிஸ்ஸி பிள்ளையை எடை பார்க்க வீட்டுக்கு வந்தார். தாய் எப்படியிருக்கிறாள், தூங்குகிறாளா என்று மலாயில் கேட்டார். வீட்டுக்காரிக்கு அப்போது மலாய் தெரியாது. கேட்டதை அவளுக்குச் சொல்லாமலேயே, "எல்லாம் சுகம்" என்று நாமே பதில் சொல்லி அனுப்பினோம். கடையில் ஆள் காத்திருந்தது.

நிற்க. நாம் ஓதிய மதரஸாவில் ஒரு பையன் இருந்தான். நாக்கு புரளாது. ஓர் ஆயத்தை ஓதி முடிப்பதற்குள் வியர்த்துப் போவான். நாங்கள் சிரிப்போம். ஒருநாள் உஸ்தாத் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு ஹதீஸைச் சொன்னார்கள். சரளமாக ஓதுகிறவருக்குப் பெரிய அந்தஸ்து உண்டு. ஆனால் திக்கித் திணறிக் கஷ்டப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு என்றார்கள். பாசம் இயல்பாகப் பொங்குகிற தாய் சரளமாக ஓதுகிறவளைப் போல. மாஷா அல்லாஹ், அது ஒரு கொடை. உள்ளம் மரத்துக் கிடக்க, பிள்ளை அழுத ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தாளே, அவள் யாரைப் போல?

ஒரே வீட்டில் அன்று இரண்டு பேர் இருந்தோம். ஒருவருக்குப் பாசம் நெஞ்சு நிறைய இருந்தது, அவர் தூங்கினார். மற்றவருக்குப் பாசம் வந்தபாடில்லை, அவர் விழித்திருந்தார். பிள்ளையிடம் சாட்சி கேட்டால் யாருக்குச் சார்பாகச் சொல்லும்?

தாய்மை இயல்பாக வருவது என்று நாம் சொல்லுவதில் நம்முடைய சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. தாய் எழுந்திருப்பதும் அப்படித்தான் என்று வைத்துவிட்டால், நாம் எழுந்திருக்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதில்லை, சோர்ந்தாயா என்று கேட்கவும் வேண்டியதில்லை. மூட்டை சுமக்கிறவனிடம் "சுமப்பது உன் இயல்பு" என்று சொல்லிவிட்டு எந்த வியாபாரியாவது கணக்கு முடிப்பாரா? துறைமுகத்தில் சொல்லிப் பார்க்கட்டும்.

"நம் உம்மாமார் எட்டும் பத்தும் பெற்றார்களே, யாராவது இப்படிச் சொன்னதுண்டா?" என்று கேட்பவர் உண்டு. நாமும் கேட்டவர்தாம். சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது உம்மாவிடமே கேட்டோம். நாம் 1981இல் பிறந்தோம். வாப்பா அப்போது பினாங்கில் இருந்தார்கள். சிதம்பரம் கப்பலில் ஊர் வந்து நம்மை முதன்முதல் பார்த்தபோது நமக்கு இரண்டரை வயது. உம்மா வெற்றிலையை மென்றபடி சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள்: "உன்னைப் பெத்தப்ப எனக்குப் பத்தொன்பது வயசு வாப்பா. ஒரு மாசம் உன்னைப் பார்க்கவே பிடிக்கலை. உன் பெரியம்மாதான் பால் குடிக்க மட்டும் கொண்டாந்து மடியில போடுவா. குடிச்சதும் தூக்கிட்டுப் போயிருவா. ஏன் எதுக்குன்னு ஒண்ணும் கேட்க மாட்டா."

"வாப்பாவுக்கு எழுதலையா?" என்றோம்.

"கடுதாசி எழுதுறது உன் மாமா. தாயும் பிள்ளையும் சுகம்னு எழுதினார்."

பினாங்குக்கும் சிங்கைக்கும் எத்தனை கடிதங்கள் இப்படி வந்திருக்கும்! கடலுக்கு இப்பால் இருந்த நம்மவர்கள் அதைப் படித்து, தாய்மை என்றால் சுகம் என்றே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நமக்கும் விட்டுச் சென்றார்கள். அங்கே ஒரு வீட்டில் நாலு பெண்கள் கைமாற்றிச் சுமந்ததை, இங்கே மாடி வீட்டில் ஒருத்தி தனியே சுமக்க வேண்டும் என்கிறோம். உம்மா சொன்னதைக் கேட்டு முதலில் நமக்கு நெஞ்சு அடைத்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நாற்பது வயது தாண்டிய இந்நாள்வரை அந்த ஒரு மாதத்தின் குறை நம்மிடம் எங்கேயும் இல்லை. உம்மாவின் அன்பில் நாம் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பிந்தி வந்த பாசம் குறைந்த பாசமாக இருக்கவில்லை.

மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் தனியே பிரசவ வேதனைப்பட்டபோது, இதற்கு முன்பே மௌத்தாகி மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியதைத் திருமறை நமக்குச் சொல்லுகிறது. ஊரார் பழிக்கு அஞ்சிய வேதனையும் அதில் உண்டு என்பதை அறிவோம். எனினும் அந்த ஏக்கத்துக்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். குடிக்க நீர், உண்ணக் கனி, கவலை வேண்டாம் என்ற ஆறுதல். நாம் சொன்ன பதிலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கவே வெட்கமாயிருக்கிறது.

கஷ்டத்துக்கு இரண்டு கூலி உண்டு என்றோம். அதற்காகத் தாய்மார் கஷ்டப்பட்டே கிடக்கட்டும் என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். பிள்ளை பிறந்த முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு, அது தானே தெளியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயாக இருக்கலாம், வைத்தியரிடம் போக வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு 13 பேர் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைக் கண்டுபிடிக்க 1987இல் ஸ்காட்லாந்தில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதும் அதில் ஒரு கேள்வி. அந்தத் தாளைத் தாய்தான் நிரப்ப வேண்டும். புருஷன் நிரப்பக் கூடாது.

நம் வீட்டில் அல்லாஹ் வேறு வழியில் கைகொடுத்தான். மூன்று கடை தள்ளியிருந்த மலாய்க்கார மக்சிக் ஒருவர், பிள்ளை ஓயாமல் அழுவதைக் கேட்டு ஒருநாள் தாமாகவே மேலே ஏறி வந்தார். அன்று முதல் தினமும் ளுஹருக்குப் பின் இரண்டு மணி நேரம் பிள்ளையைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். வீட்டுக்காரி அந்த இரண்டு மணி நேரமும் தூங்கினாள். வேறு மருந்து எதுவும் அப்போது இல்லை. மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ அவள் பிள்ளையோடு பேசிச் சிரிக்கிற சத்தம் கீழே கடைக்குக் கேட்டது. எந்த நாளில் மாறிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தாய்க்கு 98 நாள் விடுப்பும், தகப்பனுக்கு 7 நாள் விடுப்பும் சட்டமாகியிருக்கின்றன. சிங்கையில் 2025 ஏப்ரல் முதல் தகப்பனுக்கு 4 வாரம். கடை என்னாவது என்று முணுமுணுத்தவர்களில் நாமும் ஒருவர். கடை ஒன்றும் ஆகவில்லை. முதலாளிக்குச் சட்டம் விடுப்பு கொடுக்காது. அதை அவரேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் வீட்டில் படித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முடித்ததும், "மிஸ்ஸிக்கிட்ட நீங்க சுகம்னு சொன்னதையும் எழுதிட்டீங்களா மச்சான்?" என்று மட்டும் கேட்டாள்.

எழுதியிருக்கிறோம்.