பூனைக்கு விரதம் இல்லை

நான் சைவம். என் வீட்டுப் பூனை சைவம் இல்லை. டப்பா உணவோடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி வாங்கி வந்து வேகவைத்து, முள் எடுத்துப் போடுகிறேன். "நீ தொடாததை அதுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கற? உன் கொள்கை எங்க போச்சு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சிலர் கிண்டலுக்குக் கேட்கிறார்கள், சிலர் நிஜமாகவே கேட்கிறார்கள். இது இரண்டாவது வகையினருக்கு.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்த்துவிடலாம். டாரின் என்று ஓர் அமினோ அமிலம். மீனிலும் மாமிசத்திலும் இருக்கிறது. நாம் உண்ணும் தானியத்திலும் பருப்பிலும் கிட்டத்தட்ட இல்லை. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பது 1975இல் தெரியவந்தது. இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய்க்கும் அதுவே காரணமாகலாம் என்று 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பையானும் அவர் குழுவினரும் காட்டினார்கள். அதன் பிறகுதான் கம்பெனிகள் பூனை உணவில் டாரின் அளவைக் கூட்டின. இதில் பயங்கரம் என்னவென்றால், குறை உடனே தெரியாது. தயிர்சாதத்தை நக்கிக்கொண்டு மாதக்கணக்கில் நன்றாக இருப்பது போலவே இருக்கும். கண் போன பிறகுதான் நமக்குக் கண் திறக்கும்.

நாயின் கதை வேறு. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் அதிகம் என்று 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. நம்மோடு வாழ்ந்து வாழ்ந்து, நம் சோற்றுக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொண்ட உடம்பு அது. மருத்துவரிடம் கேட்டு, சத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் நாயை மாமிசம் இல்லாமலும் வளர்க்க முடியும். பூனை நம்மிடம் வந்தது தானியத்துக்காக அல்ல, தானியத்தைத் தின்ன வந்த எலிக்காக.

"எங்க பாட்டி வீட்டுப் பூனை பாலும் தயிர்சாதமும் சாப்பிட்டே பத்து வருஷம் இருந்துச்சே" என்பார்கள். இருந்திருக்கும். ஆனால் அது தயிர்சாதத்தில் மட்டும் வாழவில்லை. கொல்லைப்புறத்தில் எலி, பல்லி, ஓணான், அணில் என்று அதற்குத் தனியாக ஒரு சமையலறை இருந்தது. பாட்டியின் அடுப்படி சுத்தமாக இருந்ததற்குக் காரணம் பூனை கொல்லாமல் இருந்தது அல்ல. அது கொன்றது பாட்டியின் பார்வைக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு அதே தயிர்சாதத்தைப் போட்டால் அது பாட்டி வழி இல்லை. மெதுவாகப் பட்டினி போடுவது.

இங்கேதான் கேள்வி உணவிலிருந்து அறத்துக்கு நகர்கிறது. திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் துறவறவியலில் வருகின்றன. அவை துறவறத்தாருக்கு மட்டும்தானா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். எனக்கு அந்த இட அமைப்பே ஒன்றைச் சொல்வதாகத் தோன்றுகிறது. துறப்பது என்பது ஒருவர் தனக்குத்தானே செய்துகொள்வது. 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற ஒருவர் சொல்லும்போதுதான் அது விரதம். என் பசியை நான் கட்டுப்படுத்தினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. வாயில்லாத ஜீவனின் பசியை நான் கட்டுப்படுத்திவிட்டு, அந்த மதிப்பையும் நானே எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நமக்கு நல்லது அதுக்கும் நல்லதுதானே என்ற நினைப்பு அன்பிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் அது ஆபத்தானது. நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம்; அதை முறித்து வெளியேற்றும் வசதி அதன் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. அன்பாகத்தான் கொடுப்பார்கள். செத்துப்போகும். பூனையைப் பார்த்துக்கொள்வது என்றால் முதலில் அது நானில்லை என்று ஒப்புக்கொள்வது.

ஒரு தோழி நல்ல கேள்வி கேட்டாள். "டாரினை இப்ப ஆலையிலேயே செயற்கையா செய்யறாங்களே, அதைச் சேர்த்துச் சைவ உணவே கொடுக்கலாமே?" கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் தயக்கமில்லாமல் சொல்லும் நாள் வந்தால் முதல் ஆளாக மாறிவிடுவேன். ஆனால் டாரின் ஒன்று மட்டும் பிரச்சினை இல்லை. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளவும் பூனையால் முடியாது. அந்தப் பட்டியல் நீளம். தோழியின் வழியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: அதில் அளவுகோல் பூனையின் உடம்பு. நம் சமையலறையின் தீட்டு அல்ல.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒரு பூனை பிழைக்க எத்தனை மத்தி? எண்ணிக்கை வைத்துப் பார்த்தால் நான் தோற்றுவிடுவேன். புதிதாகப் பூனை வாங்க நினைப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். மீனை வீட்டுக்குள் விட முடியாது என்றால் பூனையும் வேண்டாம். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே தெருவிலிருந்து தூக்கி வந்து, கருத்தடை செய்து, கதவைச் சாத்தி, வேட்டையை அதன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட பிறகு அந்த வேட்டையின் பொறுப்பு என்னுடையதாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக நான் கொல்ல வைக்கிறேன் என்பதை மறைக்க எனக்கு எந்தச் சொல்லும் வேண்டாம்.

"உனக்கா கண்ணு?" என்று மீன்காரம்மா ஒருமுறை கேட்டார். "இல்லக்கா, பூனைக்கு" என்றேன். "அதுவும் ஒரு வயிறுதானே" என்று சொல்லிவிட்டு, செதில் சீவிக் கையில் கொடுத்தார். அவர் சொன்னதில் பூனையின் வயிறு சரியாகிவிடுகிறது. மத்திக்கும் ஓர் உயிர் இருந்ததே என்பது அப்படியேதான் இருக்கிறது. அதை மறக்காமல் வாங்கி வருவதுதான் இப்போதைக்கு என்னால் முடிந்தது.