நகர நற்செய்தி: ஒரு நகர்மன்ற உறுப்பினரின் இறையியல்

ஒரு நகரத்தின் சாக்கடையைச் செப்பனிடுவதும், குடிநீர்க் குழாய்க்குக் கடன் திரட்டுவதும், தெருவிளக்குக்கான எரிவாயுவுக்கு விலை பேசுவதும் சமய வாழ்வின் பகுதியாகுமா, அல்லது ஒழுங்காக நடந்தால் போதும் என்று விட்டுவிடத்தக்க வெறும் உலகியல் அலுவல்கள்தாமா என்ற கேள்வியைக் கிறித்தவ இறையியல் நெடுங்காலம் நேராக எதிர்கொள்ளவில்லை. அகஸ்டின் இறைவனின் நகரம், மண்ணின் நகரம் என இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஆட்சிப் பொறுப்பிலிருக்கும் கிறித்தவனுக்குக் கடமை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை, ஆயினும் மண்ணின் நகரம் தரும் அமைதி நிலையற்றது என்பதையே அழுத்திச் சொன்னார். எளிய கைவினைஞனின் தொழிலும் துறவியின் செபத்துக்குக் குறைந்ததன்று என்று லூதர் கற்பித்தார்; ஆனால் அவர் எண்ணியது தனிமனிதன் தன் நிலையில் நின்று செய்யும் தொழிலையே அன்றி, வரி விதித்து, ஒப்பந்தம் செய்து, வாக்கெடுத்து முடிவுகாணும் ஒரு மன்றத்தின் கூட்டுச்செயலை அன்று. அந்தக் கூட்டுச்செயலே புனிதமானது என்று துணிந்து சொன்னவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த சில போதகர்கள். அவர்களுடைய போதனைக்கு நகர நற்செய்தி என்ற பெயர் வழங்கலாயிற்று. அதைச் செயலாக்கிக் காட்டியவர் ஜோசப் சேம்பர்லின். 1869 முதல் 1876 வரையிலான அவருடைய நகர்மன்ற வாழ்க்கையை, பின்னாளில் அவர் வகித்த குடியேற்ற நாட்டு அமைச்சர் பதவிக்கு முன்னுரையாகவே பலரும் படிக்கின்றனர். அந்த ஏழாண்டுகள் ஓர் இறையியல் கொள்கைக்கு நேர்ந்த சோதனையும் ஆகும்.

இக்கொள்கை பிறந்த சூழலை அறிய, நகர்மன்ற இருக்கைக்கும் திருவிருந்துக்கும் இங்கிலாந்தில் இருந்த பழைய தொடர்பை அறிய வேண்டும். 1661ஆம் ஆண்டின் மாநகரச் சட்டத்தின்படி, நகராட்சிப் பதவிக்கு வருகிறவர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் திருவிருந்து, அதாவது கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் ரசமும் உண்ணும் சடங்கில், பங்கேற்றிருக்க வேண்டும். அச்சபைக்கு உட்படாத பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல், யூனிடேரியன் போன்ற கிறித்தவர்கள், இணங்காதோர் என்று பொதுவாக அழைக்கப்பட்டவர்கள், இதனால் சட்டப்படி வெளியே நிறுத்தப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரம் இந்தத் தடையிலிருந்தே பணம் பண்ணியது: இணங்காதோரை வேண்டுமென்றே ஷெரிப் பதவிக்குத் தேர்ந்தெடுத்து, மனச்சான்று இடந்தராமல் பதவியேற்க மறுத்தவர்களிடம் அபராதம் வாங்கி, அத்தொகையை மேயர் மாளிகையின் கட்டுமான நிதியில் சேர்த்தது. 1767இல் பிரபுக்கள் சபை தலையிட்ட பிறகே அது நின்றது. திருவிருந்து நிபந்தனையே நீங்கியதோ 1828இல்தான். பர்மிங்காம் 1838 வரை நகராட்சித் தகுதியே பெறாத ஊராகையால் அச்சட்டத்தின் பிடி அங்கே தளர்ந்திருந்தது. இணங்காத வணிகர்களும் பட்டறைக்காரர்களும் அங்கே செழித்தனர். பாட்டன் காலத்தில் மதத்தின் பெயரால் பூட்டப்பட்டிருந்த கதவு பேரன் காலத்தில் திறந்தபோது, உள்ளே போய் உட்காருவது அவனுக்கு வெறும் அரசியலாகத் தோன்றாததில் வியப்பில்லை.

ஆனால் கதவு திறந்தவுடன் உள்ளே போனவர்கள் வேறு விதமானவர்கள். 1850களில் நகர்மன்றத்தை ஆண்டது, வரி உயரக்கூடாது என்பதையே ஒரே அறமாகக் கொண்ட சிறுகடைக்காரர்களின் கூட்டம். ஈஸி ரோ என்ற தெருவிலிருந்த ‘வுட்மேன்’ மதுக்கடையில் கூடிப் பேசி முடிவெடுத்துக்கொண்டு மன்றத்துக்கு வருவது அவர்களின் வழக்கம். செல்வமும் கல்வியும் உள்ள குடும்பத்தினர் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூசினர். போதகர்கள் கண்டித்தது கடைக்காரர்களின் சிக்கனத்தை அவ்வளவாக அன்று. மேன்மக்களின் இந்தக் கூச்சத்தையே பாவமெனக் கண்டித்தனர்.

முதலில் பேசியவர் ஜார்ஜ் டாசன். 1844இல் பாப்டிஸ்ட் போதகராக ஊருக்கு வந்த அவர், அச்சபையின் கோட்பாட்டு எல்லைக்குள் அடங்காமல் வெளியேறியபோது, அவரைப் பின்பற்றியவர்கள் 1847இல் மீட்பர் ஆலயம் என்ற பெயரில் அவருக்கெனத் தனிக்கோயில் கட்டினர். அங்கே உறுப்பினராக எந்த விசுவாச அறிக்கையும் கையொப்பமிட வேண்டியதில்லை. ஒன்றுகூடி நன்மை செய்யும் விருப்பம் இருந்தால் போதும். 1866இல் நகரின் இலவச நூலகத்தில் குறிப்புதவிப் பகுதியைத் திறந்துவைத்து ஆற்றிய உரையில், ஒரு நாட்டுக்குரிய அறநோக்கங்கள் அனைத்தும் ஒரு நகரத்துக்கும் உண்டு என்றும், நகரம் என்பது உயிருள்ள ஓருடல் என்றும் அவர் வாதிட்டார். இந்த வாதத்தில் கவர்ச்சி உண்டு, காப்பு இல்லை. எந்தக் கோட்பாட்டையும் கட்டாயமாக்காத சபை, நகரத்தையே சபையாகக் காணத் தொடங்கினால், எல்லாம் சமயமாகிவிடும். எல்லாம் சமயமானால், சமயத்தின் பெயரால் நகரத்தைத் தட்டிக்கேட்க நிற்பதற்கு ஓர் இடம் மிஞ்சாது.

கார்ஸ் லேன் காங்கிரிகேஷனல் ஆலயத்தின் போதகரான ஆர். டபிள்யூ. டேல் இந்த இடரை உணர்ந்தவராகவே தெரிகிறார். அவர் மரபுவழிக் கோட்பாட்டில் உறுதியானவர். கிறிஸ்துவின் மரணம் மனிதரின் பாவத்துக்கு ஈடு என்ற போதனையிலிருந்து அணுவளவும் அகலாதவர். ஆயினும் நகர்மன்றப் பணியைப் பற்றி டாசனைவிட ஆழமான அடிப்படை அவரிடமே இருந்தது. காங்கிரிகேஷனல் மரபில் ஆயரும் இல்லை, மேலதிகாரமும் இல்லை. ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினர் கூட்டத்திலேயே எதையும் முடிவு செய்யும். அக்கூட்டம் வெறும் பெரும்பான்மைக் கணக்கு அன்று, உறுப்பினர் கலந்து பேசும்போது கிறிஸ்துவின் சித்தம் அங்கே வெளிப்படுகிறது என்பது அவர்களின் நம்பிக்கை. எளிய மனிதர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கு வாசித்து, தீர்மானம் முன்மொழிந்து, கைதூக்கி வாக்களிக்கும் செயலுக்குள்ளேயே இறைவன் செயல்படக்கூடும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தவர்களுக்கு, நகர்மன்றக் குழுக்கூட்டத்தையும் அவ்வாறு காண்பது பெரிய தாவல் அன்று. நகர நற்செய்தியின் உண்மையான வேர் பிரசங்க மேடையைவிட இந்தக் கூட்ட நடைமுறையிலேயே இருந்தது எனலாம்.

சேம்பர்லின் இவ்விருவரின் சபையையும் சேர்ந்தவர் அல்லர். அவர் யூனிடேரியன், தந்தை, மகன், ஆவி என்ற மூவொருமையை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று கொள்ளும் மரபில் பிறந்தவர். 1836இல் லண்டனில் பிறந்து, 1854இல் உறவினரான நெட்டில்ஃபோல்டின் திருகாணித் தொழிலில் பங்கேற்க பர்மிங்காம் வந்து, ஞாயிறுகளில் மெசியா ஆலயத்தில் பாடம் நடத்தினார். 1869இல் நகர்மன்ற உறுப்பினராகி, 1873 நவம்பரில் மேயரானார். அப்பதவி ஆண்டுதோறும் மன்றமே தேர்ந்தெடுப்பது, அவர் மும்முறை தொடர்ந்து தேர்வு பெற்றார். 1874இல் தொழிலை விற்றுவிட்டு முழுநேரமும் நகரப்பணிக்கே தந்தார்.

அவருடைய மேயர் காலத்தின் முதல் பெருஞ்செயல், போட்டியிட்டுக்கொண்டிருந்த இரண்டு எரிவாயுக் கம்பெனிகளை 20 இலட்சம் பவுனுக்குச் சற்றுக் குறைவான விலையில் நகரத்துக்கு வாங்கியது. அடுத்தது, 1876 தொடக்கத்தில் தண்ணீர்க் கம்பெனியை நகரின் உடைமையாக்கியது. இரண்டையும் அவர் ஒரே தராசில் நிறுக்கவில்லை என்பதே மெய்யியல் நோக்கில் கவனிக்கத்தக்கது. எரிவாயுவில் நகரம் இலாபம் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். தண்ணீரில் இலாபம் பார்க்கலாகாது, அது உயிர் காக்கும் பொருள், மிச்சம் வந்தால் விலைக்குறைப்பாக மக்களிடமே திரும்ப வேண்டும் என்று அவர் வகுத்தார். கெட்டுப்போன கிணற்றுநீரைக் குடித்து நோயுற்றவர்கள் ஏழைகளே என்பது அந்தப் பாகுபாட்டுக்குப் பின்னிருந்த காரணம். புனிதம், உலகியல் என்ற பழைய பிரிவினை ஒழிந்தது என்று பிரசங்கித்த ஊரில், அதே பிரிவினை தண்ணீருக்கும் எரிவாயுவுக்கும் நடுவே ஒரு வரவுசெலவுக் கணக்கின் வடிவில் மீண்டும் வந்து நின்றது. விற்கலாகாதது ஒன்று உண்டு என்று ஒப்பாமல் எந்தப் புனிதமும் நிலைக்காது போலும். எரிவாயுவின் கதை இன்னும் சுவையானது. நூலகச் சட்டம் அனுமதித்த வரி வரம்பு ஓவியக்கூடம் கட்டப் போதாதபோது, எரிவாயுத் துறைக்கு அலுவலகம் கட்டி அதற்கு மேல்தளத்தில் அதை அமைத்தனர். 1885இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்துக்கு ஏறிப்போகிறவர் எரிவாயுக் கட்டணம் செலுத்துமிடத்துக்கு மேலேதான் ஓவியம் பார்த்தார்.

இதே மனிதர்கள் பள்ளிகளிலிருந்து சமயபோதனையை வெளியேற்றினார்கள். 1873இல் தாராளக் கட்சியினர் கல்வி வாரியத்தைக் கைப்பற்றியபின், வாரியப் பள்ளி ஆசிரியர்கள் சமயம் கற்பிக்கலாகாது என்று விதித்தனர். டேலும் இதற்கு உடன்பட்டார். அரசின் பணம் விசுவாசத்தைத் தொடலாகாது என்ற இணங்காதோரின் பழைய கொள்கைக்கு இது முற்றிலும் பொருந்தும். முரணாகத் தெரிவது, நகரத்தையே ஆலயமாகக் கருதியவர்கள் அவ்வாலயத்தில் வேதம் வாசிக்க இடந்தராததுதான்.

1875 பிப்ரவரியில் சேம்பர்லினின் இரண்டாம் மனைவி புளோரன்ஸ் மகப்பேற்றில் இறந்தார். முதல் மனைவி ஹேரியட்டும் 1863இல் அவ்வாறே இறந்திருந்தார். இந்த இரண்டாவது அடியில் அவருடைய சமய நம்பிக்கை உடைந்தது. உலகை நடத்தும் கருணை எதையும் அதன்பின் அவரால் காண முடியவில்லை. ஆனால் எரிவாயு, தண்ணீர் மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும், குடிசைப் பகுதிச் சீரமைப்புத் திட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். நகர்மன்றப் பணி வழிபாடு என்றால், வணங்கப்படுபவர் இல்லை என்று எண்ணியவர் செய்த பணி என்னவாகும்? நகர நற்செய்தி இதற்குத் தயங்காமல் விடை சொல்லும்: புனிதம் செயலில் இருக்கிறது, செய்பவரின் உள்ளத்தில் அன்று, குழாயில் வரும் நல்ல நீருக்கு மேயரின் விசுவாசம் தேவையில்லை. சடங்கை நடத்தும் குருவின் ஒழுக்கக்குறை அச்சடங்கின் பயனைக் கெடுக்காது என்று டோனாட்டியர் என்ற மாற்றுப் பிரிவினருக்கு எதிராக அகஸ்டின் வாதிட்டதற்கு இது வெகு அருகில் வருகிறது. நீரைப் பொறுத்தவரை அந்த விடையில் குறையொன்றும் இல்லை.

குறை தெரிவது சீரமைப்புத் திட்டத்தில். 1875ஆம் ஆண்டின் கைத்தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி, ஊரின் நடுவே நெருக்கமும் நோயும் மிகுந்த சந்துகளை நகர்மன்றம் விலைக்கு வாங்கி இடிக்கத் தொடங்கியது. இருளும் அழுக்கும் நிறைந்த முற்றங்களில் மக்களை வளரவிட்டு, பிறகு அவர்களின் ஒழுக்கத்தைக் குறைகூறுவது நியாயமன்று என்பது சேம்பர்லினின் வாதம். இது கருணையுள்ள வாதம். பாவத்தை மனிதரிடமிருந்து எடுத்துத் தெருவில் வைக்கும் வாதமும்கூட. தெருவே பாவி என்றானபின், தெருவை இடிப்பதே மீட்பு. இடித்த இடத்தில் கார்ப்பரேஷன் தெரு எழுந்தது. கடைகளும் அலுவலகங்களும் 75 ஆண்டுக் குத்தகைக்கு மனை எடுத்தன. குத்தகை முடிந்ததும் கட்டடம் நகருக்கே சேரும் என்பது திறமையான ஏற்பாடு. சந்துகளில் இருந்தவர்கள் அடுத்த சந்துகளுக்குப் போய் அங்கே நெருக்கத்தைக் கூட்டினர். நகர்மன்றம் தானே தொழிலாளர் வீடுகள் கட்டியது 1890ஐ ஒட்டித்தான், அதுவும் ரைடர் தெருவில் 22 வீடுகள். 1883இல் ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில் சேம்பர்லின், சீரமைப்பின் செலவைச் சுமக்க வேண்டியவர்கள் நிலவுடைமையாளர்களே என்றார். அதில் உண்மை உண்டு. இடித்த மன்றத்தின் பங்கு என்ன என்ற கேள்வி மட்டும் அங்கே எழவில்லை.

பாவநிவாரணம், அதாவது செய்த தீங்குக்கு ஈடு செய்யப்பட்டாலன்றி உறவு திருந்தாது என்ற கோட்பாடு பற்றிய டேலின் நூல் வெளியானதும் அதே 1875இல். தனிமனிதன் கடவுளுக்கு இழைத்த தீங்கைப் பற்றி அந்நூல் அக்காலத்தின் மிகக் கூர்மையான ஆய்வுகளுள் ஒன்று. ஒரு மன்றம் தன் நற்செயலின் ஊடாகவே குடிமக்களுக்கு இழைக்கும் தீங்குக்கு ஈடு யாது என்ற பக்கத்துக் கேள்விக்கு அது போகவில்லை. செயலையே புனிதமாக்கிய கொள்கைக்கு அச்செயலின் குற்றத்தை அறிக்கையிடும் வழி அமையவில்லை; டாசனிடம் அதற்கான சொல்லே இல்லை, டேலிடம் சொல் இருந்தும் அது ஆலயத்துக்குள்ளேயே இருந்துவிட்டது.

சென்னையில் மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபு இந்தக் கதையில் எதிர்ப்பக்கத்தில் ஒருமுறை வருகிறார். 1870இல் கல்விச் சட்டத்துக்கு அமைச்சரவையில் பொறுப்பாளராக இருந்தவர் அவர். அதை எதிர்த்துத் தூது சென்றவர்களுள் சேம்பர்லினும் ஒருவர். 1874இல் கத்தோலிக்கராக மாறிய ரிப்பன், 1882இல் வைஸ்ராயாக உள்ளாட்சித் தீர்மானம் வெளியிட்டபோது, உள்ளாட்சி நிர்வாகத் திறமைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று, அது மக்களுக்கு அரசியல் பயிற்சி தரும் கருவி என்றார். அவ்வாறு பார்த்தால் உள்ளாட்சி ஒரு பள்ளி; பள்ளி என்பது தவறு நேரும் இடம் என்று எல்லாரும் ஒப்புவர். பர்மிங்காம் போதகர்களின் ஆலயத்தைவிட ரிப்பனின் பள்ளி எளிமையான உருவகம். தவறுக்கு இடம் வைத்ததில் அதுவே மேலானது.

1886இல் அயர்லாந்துத் தன்னாட்சி பற்றிய பிளவில் தாராளக் கட்சி உடைந்து, சேம்பர்லின் தனிவழி போனபோது, பர்மிங்காமின் சபைகளும் உள்ளுக்குள் பிளந்தன. டாசன் 1876லேயே இறந்துவிட்டார். டேல் கசப்புற்று, காங்கிரிகேஷனல் ஒன்றியம் அரசியல் தீர்மானம் நிறைவேற்றுவதை எதிர்த்து அதிலிருந்து விலகினார். நகர்மன்றத்தில் கிறித்தவர்கள் உழைப்பது கடமை, ஆனால் சபை சபையாக நின்று அரசியல் கட்சிக்குரிய வேலையைச் செய்யலாகாது என்ற வேறுபாட்டை அவர் கடைசிவரை வலியுறுத்தினார். சபையின் பெயரால் வாக்குத் திரட்டுவதை அந்த வேறுபாடு தடுத்தது. சந்திலிருந்து கிளப்பப்பட்டவர்களுக்காகச் சபையின் பெயரால் மன்றத்திடம் கேள்வி கேட்பதையும் அதுவே தடுத்திருக்கும்.