அளவும் அபிப்பிராயமும்

2008-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றபோது கருநாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. வஞ்சனை என்றனர் அங்கே. வன்மம் என்றோம் இங்கே. இரண்டும் அபிப்பிராயங்களே.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்திருந்ததோ அளந்தறிந்த உண்மை. பல்லில் கறையாகவும் எலும்பில் நோவாகவும் அதனைச் சுமந்தவர் பலர். கருநாடகத்தார் அளந்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும்.

இத்தகைய வழக்குகளில், "எல்லாம் அவரவர் நோக்கு, அநேகாந்தமன்றோ?" என நம்மவர் சிலர் ஒதுங்குவதுண்டு. எனக்கு அது உடன்பாடன்று. நயம் வேறு, பிரமாணம் வேறு எனப் படித்தவர்களல்லவா நாம்!

ஆயினும், கிணற்று நீர் தீதென்பதனாலேயே காவிரி நீர்தான் தீர்வு என்று ஆகிவிடாது. புளோரைடை வடித்து நீக்கலாம், மழைநீரைச் சேமிக்கலாம். எவ்வழி தகும் என்பது கருத்து. திட்டத்தை நான் ஆதரித்தேன், அது என் கருத்தே என்றறிந்து. 2013-இல் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது.